ஆர்.என். வேலையில் இருந்தபடியே பி.எஸ்.என்.: பொதுப்பாடங்களை எப்படி முடிப்பது?

அமெரிக்காவில் ஆர்.என். (பதிவுபெற்ற செவிலியர்) உரிமத்தோடு வேலை பார்க்கிறவர்களைக் குறிவைத்துப் பல்கலைக்கழகங்கள் வெளியிடும் விளம்பரங்களில் ஒரு வாக்குறுதி அடிக்கடி தென்படும்: ஓராண்டில் பி.எஸ்.என். எனப்படும் செவிலிய இளநிலைப் பட்டம். அதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த ஓராண்டு செவிலியப் பாடங்களுக்கு மட்டும் ஆகும் காலம். ஆங்கிலக் கட்டுரை, புள்ளியியல், வரலாறு, சமூகவியல் என்று செவிலியத்துக்கு வெளியே உள்ள பாடங்களை முன்பே முடித்துவிட்டு வருகிறவருக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும். முடிக்காதவருக்கு அதே பட்டம் இரண்டு, மூன்று ஆண்டுகள் இழுக்கும். செலவும் அதற்கேற்ப ஏறும்.

ஆகவே இந்தக் கட்டுரை செவிலியப் பாடங்களைப் பற்றியதன்று. பட்டப்படிப்பின் நீளத்தையும் விலையையும் உண்மையில் தீர்மானிக்கிற பொதுப்பாடங்களைப் பற்றியது. ஏ.டி.என். எனப்படும் இரண்டாண்டுப் பட்டத்தோடு உரிமம் வாங்கியவர்களுக்கும், வெளிநாட்டில் டிப்ளமா முடித்து இங்கே ஆர்.என். ஆனவர்களுக்கும் பயன்படும்படி எழுதுகிறேன்.

ஏன் படிக்க வேண்டும் என்ற கேள்வியை விரைவாகக் கடந்துவிடலாம். ஏ.டி.என்., டிப்ளமா, பி.எஸ்.என். என எந்த வழியில் வந்தாலும் உரிமத்துக்காக எழுதுவது ஒரே என்க்ளெக்ஸ் தேர்வுதான், உரிமமும் ஒன்றுதான். வேறுபாடு அதற்குப் பிறகு தெரியும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லிண்டா ஐக்கன் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வு, பட்டதாரிச் செவிலியர் விகிதம் கூடுதலாக உள்ள மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளின் இறப்பு குறைவாக இருந்ததைக் காட்டியது. 2010இல் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின், 2020க்குள் 80 சதவீதச் செவிலியர் பட்டதாரிகளாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நியூயார்க் மாநிலம் 2017இல் ஒரு சட்டமே இயற்றியது: புதிதாக உரிமம் பெறுவோர் பத்து ஆண்டுகளுக்குள் பி.எஸ்.என். முடிக்க வேண்டும். செவிலியத் தரத்துக்கான மேக்னெட் அங்கீகாரம் வாங்கிய, வாங்க விரும்பும் மருத்துவமனைகள் ஆள் எடுக்கும்போதே பட்டத்தைக் கேட்பதும், பதவி உயர்வுக்கு அதை நிபந்தனையாக்குவதும் இப்போது சாதாரணம்.

முதல் படி: கையில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்

பி.எஸ்.என். பட்டத்துக்குப் பொதுவாக 120 செமஸ்டர் கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) தேவை. இதில் செவிலியப் பாடங்கள் ஒரு பங்கு, அவற்றுக்கு அடித்தளமான அறிவியல் பாடங்கள் ஒரு பங்கு, மொழி, கணிதம், ஹியூமானிட்டீஸ் எனப்படும் கலை, இலக்கிய, தத்துவத் துறைகள், சமூக அறிவியல், வரலாறு போன்ற பொதுப்பாடங்கள் ஒரு பங்கு. ஏ.டி.என். முடித்தவர் இவற்றில் கணிசமான அளவை ஏற்கெனவே கடந்திருப்பார். எந்த அளவு என்பதை ஊகிக்கக் கூடாது. கல்லூரி தரும் பாட, மதிப்பெண் பதிவான டிரான்ஸ்கிரிப்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

படித்த எல்லாக் கல்லூரிகளிலிருந்தும் டிரான்ஸ்கிரிப்ட் வாங்குங்கள். ஒரே ஒரு வகுப்புக்காகச் சேர்ந்து பாதியில் விட்ட கல்லூரியையும் விடாதீர்கள். விண்ணப்பத்தில் எல்லாவற்றையும் காட்டச் சொல்வார்கள். மறைத்தது பின்னர் தெரிந்தால் சேர்க்கையே ரத்தாகலாம். கையில் வந்ததும் ஒரு தாளில் பாடம், கிரெடிட், மதிப்பெண் தரம், படித்த ஆண்டு ஆகிய நான்கையும் எழுதுங்கள். இந்த ஒரு தாள் அடுத்த பல மாதங்களுக்கு உங்களோடு வரும்.

எழுதும்போதே சில இடங்களில் சந்தேகக் குறி போட்டு வைக்கலாம். சில கல்லூரிகள் ஆண்டை மூன்று குவார்ட்டர்களாகப் பிரித்து நடத்துகின்றன. ஒரு குவார்ட்டர் கிரெடிட் என்பது செமஸ்டர் கிரெடிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. ஐந்து குவார்ட்டர் கிரெடிட்டில் முடித்த நுண்ணுயிரியல், மாற்றும்போது 3.33 ஆகச் சுருங்கும். நான்கு கேட்கும் பல்கலையில் சின்னப் பள்ளம் விழும். சி தரத்துக்குக் கீழே வாங்கிய பாடத்தைப் பெரும்பாலான இடங்களில் ஏற்கமாட்டார்கள். உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், வேதியியல் போன்றவற்றுக்குச் சில பல்கலைகள் ஐந்து, ஏழு அல்லது பத்து ஆண்டு என்று காலாவதி வைத்திருக்கின்றன. உரிமத்தோடு வேலை பார்க்கிறவருக்கு அதைத் தளர்த்தும் பல்கலைகளும் உண்டு. ஆகவே பழைய அறிவியல் பாடம் இருந்தால், அதைத் திரும்பப் படிப்பதற்கு முன் வேறு பல்கலையைப் பாருங்கள். சம்பளத்துக்கு தினமும் உடலியங்கியலைப் பயன்படுத்துகிறவர் அதை மீண்டும் காசு கொடுத்துப் படிப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

பலரை ஏமாற்றுவது மருந்தளவுக் கணக்குப் பாடம். செவிலியப் படிப்பில் அதைப் படித்து ஏ வாங்கியிருந்தாலும் கல்லூரிக் கணிதமாக அதை ஏற்பது அரிது. ஏ.ஏ.எஸ். எனப்படும் தொழில்சார் அசோசியேட் பட்டம் வாங்கியவர்களிடம் இந்த வகைப் பாடங்கள் அதிகம் இருக்கும். பொதுப்பாடங்கள் குறைவாக இருக்கும். இன்னொன்று: உங்கள் ஆர்.என். உரிமத்தை வைத்துப் பல்கலைகள் மொத்தமாக முப்பதோ நாற்பதோ கிரெடிட் கொடுப்பதுண்டு. கேட்கும்போது மகிழ்ச்சியாக இருக்கும். அந்தக் கிரெடிட் செவிலியப் பாடங்களின் கட்டத்தை நிரப்பும். வரலாற்றின் கட்டத்தை நிரப்பாது.

வெளிநாட்டு டிப்ளமாவோடு வந்தவர்களுக்கு

இந்தியாவில் ஜி.என்.எம். என்னும் செவிலிய டிப்ளமா படித்துவிட்டு, இங்கே என்க்ளெக்ஸ் எழுதி ஆர்.என். ஆனவர்கள் ஒரு படி கூடுதலாக ஏற வேண்டும். டிப்ளமாவை அமெரிக்கக் கிரெடிட்டாக மாற்றிக் காட்டும் மதிப்பீட்டு அறிக்கை தேவை. டபிள்யூ.இ.எஸ்., இ.சி.இ. போன்ற நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. பட்டத்தின் நிலையை மட்டும் சொல்லும் அறிக்கை மலிவானது. பல்கலை கேட்பது பெரும்பாலும் பாடவாரியாகக் கிரெடிட்டும் தரமும் காட்டும் அறிக்கை. உரிமத்துக்காகவோ விசாவுக்காகவோ முன்பு செய்த மதிப்பீடு இதற்கும் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். எந்த நிறுவனம், எந்த வகை அறிக்கை என்று பல்கலையிடம் கேட்டபின் பணம் கட்டுங்கள்.

ஜி.என்.எம். பாடத்திட்டத்தில் உளவியல், சமூகவியல், ஊட்டச்சத்து, நுண்ணுயிரியல் எல்லாம் இருக்கின்றன. ஆனால் மதிப்பீட்டில் சில பாடங்கள் ஒன்றிரண்டு கிரெடிட்டாகக் குறுகி வரும். மூன்று கிரெடிட் கேட்கும் இடத்தில் அது பற்றாது. இங்கேதான் பழைய பாடத்திட்டப் புத்தகம் கைகொடுக்கும். எத்தனை மணி நேர வகுப்பு, என்னென்ன தலைப்பு, ஆய்வகம் இருந்ததா என்று காட்டினால் மறுபரிசீலனை கேட்க முடியும். படித்த பள்ளியிலிருந்து முத்திரையோடு அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடல் கடந்து காகிதம் வர மாதங்கள் ஆகும் என்பதால் இதையே முதலில் தொடங்குங்கள். ஆங்கிலத்தைப் பாடமாகப் படித்திருந்தாலும் இங்குள்ள ஆங்கிலக் கட்டுரைப் பாடத்துக்கு ஈடாக அதை எண்ணுவது அபூர்வம்.

இந்தியாவில் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்கள் அவசரப்பட்டு பி.எஸ்.என்.னில் சேர வேண்டாம். மதிப்பீட்டில் அது பெரும்பாலும் இளநிலைப் பட்டத்துக்கு இணையாகவே வரும். நேராக முதுநிலைக்கு விண்ணப்பிக்கலாம்.

இரண்டாம் படி: பல்கலையைத் தேர்ந்தபின் பாடத்தைத் தேருங்கள்

இந்த வரிசையை மாற்றுகிறவர்கள்தான் அதிகம். பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரியில்) எது கிடைக்கிறதோ அதைப் படித்து வைப்போம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்குவார்கள். பொதுப்பாடம் என்ற பெயர் எல்லா இடத்திலும் ஒன்று. உள்ளே இருப்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்ஸாஸ் அரசுப் பல்கலைகளில் 42 செமஸ்டர் கிரெடிட் பொதுப்பாடமாக வகுக்கப்பட்டிருக்கிறது. அதில் அமெரிக்க வரலாறு 6, அரசியல் 6. புளோரிடாவில் அது 36. கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகம் அமெரிக்க வரலாறும் அரசியல் சாசனமும் படித்திருக்க வேண்டும் என்று கேட்கும். தனியார் பல்கலைகள் சில, மதம், நெறியியல் பாடங்களைச் சேர்த்திருக்கும். ஓர் இடத்தில் கட்டாயமான பாடம் இன்னோர் இடத்தில் வெறும் விருப்பப் பாடமாக நின்றுவிடும்.

தேர்வு செய்யும்போது இரண்டு அங்கீகாரங்களைப் பாருங்கள். பல்கலை முழுவதற்குமான அங்கீகாரம் ஒன்று. செவிலியப் படிப்புக்கான அங்கீகாரம் இன்னொன்று: சி.சி.என்.இ., ஏ.சி.இ.என்., சி.என்.இ.ஏ. ஆகிய மூன்றில் ஒன்று இருக்க வேண்டும். இது இல்லாத பட்டத்தை வைத்து முதுநிலைக்குப் போவது கடினம். வேலை கொடுப்பவரும் கேட்பார்.

இரண்டு மூன்று பல்கலைகளைக் குறித்துக்கொண்டு, சேர்வதற்கு முன்பே கிரெடிட் மதிப்பீடு கேளுங்கள். அதிகாரபூர்வமற்ற டிரான்ஸ்கிரிப்டை வைத்தே பல இடங்களில் இலவசமாகச் செய்து தருவார்கள். தொலைபேசியில் பேசும் சேர்க்கை ஆலோசகர் இனிமையாகப் பேசுவார். அவருடைய வேலை உங்களைச் சேர்ப்பது. "எல்லாம் மாறிவிடும், கவலைப்படாதீர்கள்" என்ற பேச்சுக்கு மதிப்பில்லை. மின்னஞ்சலில் வரும் பதிலுக்குத்தான் மதிப்பு. அவரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை:

- என் பாடங்களில் எது எந்தத் தேவையை நிறைவேற்றுகிறது, எது விருப்பப் பாடமாக மட்டும் எண்ணப்படுகிறது?
- இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து அதிகபட்சம் எத்தனை கிரெடிட் ஏற்பீர்கள்?
- உங்களிடமே படித்தாக வேண்டிய குறைந்தபட்சக் கிரெடிட் எத்தனை? 300, 400 எண் வரிசை மேல்நிலைப் பாடங்கள் எத்தனை வேண்டும்?
- சேர்ந்த பிறகு வெளியே ஒரு பொதுப்பாடம் படித்து மாற்ற முடியுமா? முன்அனுமதி வேண்டுமா?
- வகுப்பில் உட்காராமல் கிரெடிட் தரும் க்ளெப் தேர்வுகளில் எவற்றை, என்ன மதிப்பெண்ணில் ஏற்கிறீர்கள்?

மேல்நிலைப் பாடக் கேள்வியை அலட்சியம் செய்ய வேண்டாம். கம்யூனிட்டி காலேஜ் பாடங்கள் எத்தனை குவித்தாலும் அவை 100, 200 வரிசைதான். 120 கிரெடிட் நிறைந்த பிறகும் மேல்நிலைப் பாடம் ஒன்று குறைகிறது என்று பட்டம் தள்ளிப்போவது உண்டு.

எந்த ஆண்டு சேர்கிறீர்களோ அந்த ஆண்டின் விதிப்புத்தகமே பொதுவாக உங்களுக்குப் பொருந்தும். அதன் பிரதியைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். இடையில் விதிகள் மாறினாலும் அந்தப் பிரதியைக் காட்டி வாதிடலாம். நீண்ட இடைவெளி விட்டுத் திரும்பினால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

மூன்றாம் படி: குறையும் பாடங்களைத் தரம் பிரியுங்கள்

மதிப்பீடு வந்ததும் காலியான கட்டங்கள் தெரியும். ஐந்து பாடம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது. சிலவற்றைத் தேர்வு எழுதியே தாண்டிவிடலாம். சிலவற்றை உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும். என் கணிப்பில் குறுக்குவழி தேடக் கூடாதவை இரண்டு: புள்ளியியல், ஆங்கிலக் கட்டுரை.

புள்ளியியல் ஏன்? பி.எஸ்.என்.னில் ஆராய்ச்சியும் சான்றுசார் செவிலியமும் தனிப் பாடமாக வரும். அதற்கு முன்நிபந்தனை பெரும்பாலும் புள்ளியியல். வார்டிலேயே அது புழங்குகிறது. கதீட்டரால் வரும் சிறுநீர்த் தொற்றை மருத்துவமனைகள் ஆயிரம் கதீட்டர் நாட்களுக்கு எத்தனை என்று கணக்கிடுகின்றன. உங்கள் யூனிட்டில் அது 4இலிருந்து 2ஆகக் குறைந்தது என்று கொள்வோம். "தொற்று ஐம்பது சதவீதம் குறைந்தது" என்று சுவரொட்டி ஒட்டலாம். "ஆயிரம் நாட்களுக்கு இரண்டு குறைந்தது" என்றும் சொல்லலாம். இரண்டும் சரி. எது எப்போது ஆளை மயக்குகிறது, ஒரு மாதத்து எண்ணிக்கை தற்செயலாக இறங்கியிருக்க முடியுமா, எத்தனை மாதம் பார்த்தால் நம்பலாம் என்பதையெல்லாம் புள்ளியியல்தான் சொல்லித் தரும். பி மதிப்பு, நம்பக இடைவெளி, சராசரிக்கும் இடைநிலைக்கும் உள்ள வேறுபாடு ஆகியவை தெளிவாகப் பிடிபட்டால் ஆராய்ச்சிப் பாடத்தில் பாதிச் சுமை இறங்கிவிடும்.

கணிதம் விட்டு ஆண்டுகள் ஆனவர்கள் பயப்படுவது இயல்பு. அறிமுகப் புள்ளியியலில் வரும் கணக்கு, சொட்டு வேகம் கணக்கிடுவதைவிடப் பெரிதாகக் கடினமன்று. கேள்வியை வாசித்து எந்தச் சோதனையைப் பயன்படுத்துவது என்று முடிவு செய்வதுதான் சிரமம். சில கல்லூரிகள் அதற்கு முன் இயற்கணிதம் கேட்கும் அல்லது ஒரு தகுதித் தேர்வு வைக்கும். அந்தத் தேர்வைத் தயாரிப்பில்லாமல் எழுதினால், கிரெடிட் கிடைக்காத அடிப்படை வகுப்பில் போய் உட்கார நேரும். இரண்டு வாரம் பயிற்சி செய்துவிட்டு எழுதுங்கள். முடிந்தால் புள்ளியியலைப் பதினாறு வாரச் செமஸ்டரில், நேரில் கேள்வி கேட்கக்கூடிய வகுப்பில் எடுங்கள்.

ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தின் கதை வேறு. நோயாளியின் குறிப்பேட்டில் எழுதும் ஆங்கிலம் வேகமானது, சுருக்கமானது, கருத்துச் சொல்லாதது. கல்லூரிக் கட்டுரை கருத்தைத்தான் முதலில் கேட்கும். முதல் பத்தியிலேயே நிலைப்பாட்டைச் சொல்லிவிட்டு, அடுத்த பத்திகளில் ஒவ்வொரு காரணமாக வைத்து, எதிர்வாதத்தையும் எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். சுற்றி வளைத்து முடிவில் கருத்துக்கு வரும் நடை நமக்குப் பழகியது. இங்கே அதற்கு மதிப்பெண் குறையும். செவிலியப் பாடங்களில் வாரந்தோறும் எழுத்துப் பணி இருக்கும் என்பதால், இந்தப் பாடத்தை முதலிலேயே முடித்தவருக்குப் பின்னால் வருவது எல்லாம் இலேசாகும். செவிலியத்தில் வழக்கமாகக் கேட்கப்படுவது ஏ.பி.ஏ. மேற்கோள் முறை, இப்போது புழக்கத்தில் இருப்பது 2019இல் வந்த ஏழாம் பதிப்பு.

கட்டுரைப் பாடத்தில் பிறர் எழுத்தைக் கையாள்வதில் கவனம் வேண்டும். புத்தகத்தில் உள்ளபடியே எழுதுவது நல்ல மாணவனின் அடையாளம் என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கே அது எழுத்துத் திருட்டு. வாக்கியத்தில் இரண்டு சொல்லை மாற்றி மூலத்தைக் குறிப்பிடாமல் விட்டாலும் அதேதான். ஒப்புமை கண்டுபிடிக்கும் மென்பொருளில் ஒவ்வொரு கட்டுரையும் ஏறும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எந்த அளவு பயன்படுத்தலாம் என்பதை ஒவ்வொரு ஆசிரியரும் பாடத்திட்டத் தாளில் எழுதியிருப்பார், வாசிக்காமல் தொடங்காதீர்கள். நேர்மைக் குற்றச்சாட்டு பதிவானால் அது பிற்காலத்தில் முதுநிலை விண்ணப்பத்திலும் கேள்வியாக வந்து நிற்கும்.

மீதி உள்ள பாடங்களில் அமெரிக்க வரலாற்றுக்காக ஒரு வார்த்தை பேச வேண்டும். "எனக்கெதற்கு இது" என்று பலரும் முதலில் கேட்பது இதைத்தான். வெளிநாட்டில் படித்து வந்த செவிலியருக்கு இதைவிடப் பயனுள்ள பொதுப்பாடம் இல்லை என்பேன். முதியோருக்கும் ஏழைகளுக்குமான அரசு மருத்துவக் காப்பீடுகளான மெடிகேர், மெடிகெய்டு 1965இல் ஏன் பிறந்தன, மெடிகேர் பணம் வேண்டுமானால் நிறப்பாகுபாட்டை விட வேண்டும் என்ற நிபந்தனை மருத்துவமனை வார்டுகளை எப்படி மாற்றியது, 1932 முதல் 1972 வரை டஸ்கீகியில் சிஃபிலிஸ் நோயுள்ள கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்த ஆய்வு என்ன செய்தது என்பதெல்லாம் தெரிந்தால், ஒப்புதல் படிவத்தைக் கண்டதும் ஒரு முதியவர் ஏன் பின்வாங்குகிறார் என்று புரியும்.

உளவியல், சமூகவியல், மனித வளர்ச்சி ஆகியவற்றில் பெரும்பகுதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது. அங்கே நேரத்தைச் சேமிக்கலாம். ஓவியம், இசை, தத்துவம் என்று கேட்கும் கட்டத்துக்கு விருப்பமானதை எடுங்கள். அயல்மொழி கேட்கும் பல்கலையாக இருந்தால், வேறு மொழியில் பள்ளிக் கல்வி பெற்றவருக்கு விலக்கு உண்டா என்று கேளுங்கள். தமிழ்வழிப் படித்தவருக்கு அந்தப் பள்ளிச் சான்றிதழ் இங்கே உதவக்கூடும்.

நான்காம் படி: தேர்வு எழுதித் தாண்டக்கூடியவை

காலேஜ் போர்டு நடத்தும் க்ளெப் தேர்வுகள் வகுப்பில் உட்காராமலே கிரெடிட் தருகின்றன. பெரும்பாலானவை 90 நிமிடம், தேர்ந்தெடுக்கும் வகைக் கேள்விகள். மதிப்பெண் 20 முதல் 80 வரை. 50 எடுத்தால் கிரெடிட் தரலாம் என்பது அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷனின் பரிந்துரை. ஆனால் முடிவு உங்கள் பல்கலையின் கையில். அறிமுக உளவியல், அறிமுகச் சமூகவியல், மனித வளர்ச்சி, அமெரிக்க அரசு, அமெரிக்க வரலாறு, ஹியூமானிட்டீஸ் என்று நமக்கு வேண்டியவை பல இருக்கின்றன. ஒரு வகுப்புக்கான கட்டணத்தோடு ஒப்பிட்டால் தேர்வுக் கட்டணம் சிறிது. தோற்றால் டிரான்ஸ்கிரிப்டில் எஃப் ஏறாது. அதே தேர்வை மூன்று மாதம் கழித்து மீண்டும் எழுதலாம்.

உடற்கூறியலுக்கும் நுண்ணுயிரியலுக்கும் க்ளெப் கிடையாது. புள்ளியியலுக்கும் இல்லை, டி.எஸ்.எஸ்.டி. என்னும் மற்றொரு தேர்வு வரிசையில் உண்டு. டெக்ஸாஸ்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அமெரிக்க அரசு க்ளெப் தேர்வு மத்திய அரசைப் பற்றிய பாடத்துக்கு மட்டுமே ஈடாகும். மாநில அரசியல் சாசனத்தைப் பற்றிய மூன்று கிரெடிட்டை வகுப்பில்தான் முடிக்க வேண்டியிருக்கும்.

சந்தா கட்டி இணையத்தில் சொந்த வேகத்தில் முடிக்கும் பாடங்களும் உண்டு. அவற்றை நடத்தும் நிறுவனங்கள் கல்லூரிகள் அல்ல. அவர்களுடைய கிரெடிட்டை ஏற்பதும் மறுப்பதும் பல்கலையின் விருப்பம். பி.எஸ்.என்.னோடு நிறுத்துகிறவருக்கு இவை நல்ல வழி. நர்ஸ் பிராக்டிஷனர், மயக்கவியல் செவிலியர் என்று மேலே போக நினைப்பவர்கள், குறிப்பாக அறிவியல் பாடங்களையும் புள்ளியியலையும், எழுத்துத் தரம் பதிவாகும் கல்லூரியிலேயே படிப்பது நல்லது. அந்தச் சேர்க்கைக் குழுக்கள் தனித்தனிப் பாடங்களின் தரத்தைப் புரட்டிப் பார்க்கும்.

ஐந்தாம் படி: ஷிப்டுக்குள் பாடத்தைப் பொருத்துங்கள்

மத்திய அரசின் கிரெடிட் வரையறைப்படி, ஒரு கிரெடிட் என்பது சுமார் பதினைந்து வாரங்களுக்கு வாரம் ஒரு மணி நேர வகுப்பும் இரண்டு மணி நேர வெளிவேலையும். மூன்று கிரெடிட் பாடத்துக்கு மொத்தம் 135 மணி நேரம். அதையே எட்டு வாரத்தில் முடிக்கும் இணையப் பாடத்தில் வாரம் ஏறத்தாழ 17 மணி நேரம் ஆகும். இணையப் பாடம் எளிது என்று இரண்டை ஒன்றாக எடுத்தால் வாரம் 34 மணி நேரம். அதன்மேல் மூன்று பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த பிறகும் இரண்டு பாடம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்; வீட்டில் சமைக்க வேறு ஆள் இருக்க வேண்டும்.

தொடக்கத்தில் ஒரு பாடம் மட்டும். அது ஆங்கிலக் கட்டுரையாக இருக்கட்டும். அடுத்தது புள்ளியியல். அதன்பின் உங்கள் வேகம் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இணைய வகுப்புகளில் பொதுவாக வாரத்தின் நடுவில் விவாதப் பதிவு போட வேண்டும். வார இறுதிக்குள் சக மாணவர்களுக்குப் பதில் எழுத வேண்டும். இரவு ஷிப்டை அடுத்தடுத்து மூன்று நாள் பார்க்கிறவர், அந்த மூன்று நாளும் பதிவு நாளோடு மோதாதபடி முன்கூட்டியே அட்டவணை கேட்பது நல்லது. இறுதித் தேர்வுத் தேதி, பாடத்திட்டத் தாள் வந்த அன்றே மேலாளரிடம் போய்விட வேண்டும். கால வலயத்தையும் பாருங்கள்: கிழக்கு நேரப்படி நள்ளிரவுக் கெடு, கலிபோர்னியாவில் இரவு ஒன்பது மணி.

சில பல்கலைகள் திறனளவு முறையில் நடத்துகின்றன: ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம், அதற்குள் எத்தனை பாடம் முடித்தாலும் சரி. கட்டுப்பாடு உள்ளவருக்கு இது மலிவு. கெடு இல்லாவிட்டால் தள்ளிப்போடுகிறவர் என்று உங்களை நீங்களே அறிந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பணம்

மருத்துவமனையின் கல்வி உதவியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வேலை கொடுப்பவர் தரும் கல்வி உதவிக்கு வருமான வரி இல்லை. அதனால் பல மருத்துவமனைகளின் உச்சவரம்பும் அதுவாகவே இருக்கிறது. இது காலண்டர் ஆண்டுக் கணக்கு. இலையுதிர் காலச் செமஸ்டரையும் வசந்தகாலச் செமஸ்டரையும் சரியாகப் பிரித்தால் இரண்டு ஆண்டு ஒதுக்கீட்டையும் பயன்படுத்தலாம். விண்ணப்பிக்கும் முன் இவற்றைப் படியுங்கள்: பணம் முன்கூட்டித் தருவார்களா, பாடம் முடித்து மதிப்பெண் காட்டிய பிறகா, குறைந்தபட்சத் தரம் என்ன, படித்தபின் எத்தனை காலம் அங்கேயே வேலை பார்க்க வேண்டும், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும். பொதுப்பாடங்களுக்கும் அந்த உதவி உண்டா, செவிலியப் பாடங்களுக்கு மட்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பொதுப்பாடங்களைக் கம்யூனிட்டி காலேஜில் முடிப்பதே மலிவு. கலிபோர்னியாவில் மாநிலவாசிக்கு ஒரு யூனிட் 46 டாலர். மூன்று யூனிட் பாடம் 138 டாலர், புத்தகமும் சில்லறைக் கட்டணமும் தனி. இந்த மாநிலவாசிக் கட்டணத்துக்குப் பெரும்பாலும் ஓராண்டு வசிப்பு தேவை.

மத்திய அரசின் கல்வி உதவி கேட்கும் ஃபாஃப்சா விண்ணப்பத்தைக் குடியுரிமை உள்ளவர்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் நிரப்பலாம். எச்-1பி விசாவில் இருப்பவருக்கு மத்திய உதவி கிடைக்காது. திருப்பிக் கட்ட வேண்டாத மத்திய உதவியான பெல் மானியம் வருமானத்தைப் பொறுத்தது, இளநிலைப் பட்டம் இல்லாதவருக்கு மட்டும். ஏற்கெனவே வேறு துறையில் வெளிநாட்டு இளநிலைப் பட்டம் வைத்திருந்தாலும் அது கிடைக்காது. மத்தியக் கடன் வாங்க அரை நேரப் படிப்பாவது இருக்க வேண்டும். இளநிலையில் அது வழக்கமாக ஒரு செமஸ்டருக்கு ஆறு கிரெடிட். ஒரு பாடம் மட்டும் எடுத்து மெதுவாகப் போகிறவர் கடனை நம்பாமல் மருத்துவமனை உதவியை நம்புவதே சரி.

கடைசிப் படி: மாற்றியதை ஏற்றிவிட்டார்களா என்று பாருங்கள்

வெளிக் கல்லூரியில் பாடம் முடிந்தால் டிரான்ஸ்கிரிப்ட் தானாகப் பல்கலைக்குப் போகாது. நீங்கள் கேட்டு அனுப்பச் சொல்ல வேண்டும். க்ளெப் மதிப்பெண்ணும் அப்படியே: எழுதும்போதே எந்தப் பல்கலைக்கு அனுப்புவது என்று குறித்தால் கட்டணமில்லாமல் போய்ச் சேரும். ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் மாணவர் கணக்கில் உள்ள பட்டத் தணிக்கை அறிக்கையைத் திறந்து, உங்கள் பழைய தாளோடு ஒப்பிடுங்கள். பொதுப்பாடக் கட்டத்தில் விழ வேண்டியது விருப்பப் பாடத்தில் விழுந்திருந்தால் உடனே எழுதுங்கள். ஆலோசகரிடம் முடியாவிட்டால், அந்தப் பாடத்துறையின் தலைவருக்குப் பாடத்திட்டத்தை இணைத்து மறுபரிசீலனை மனு கொடுக்கலாம். செவிலியத் துறைக்கு அதில் அதிகாரம் இருக்காது.

பட்டம் பெறுவதற்கும் தனி விண்ணப்பம் உண்டு. கடைசிச் செமஸ்டரின் தொடக்கத்திலேயே அதன் கெடு வந்துவிடும். தவறினால் எல்லாப் பாடமும் முடித்தவர் அடுத்த செமஸ்டர் வரை காத்திருக்க நேரும். பட்டம் பதிவான டிரான்ஸ்கிரிப்ட் வந்ததும் ஒரு பிரதியை மனிதவளப் பிரிவுக்கு அனுப்புங்கள். பட்டத்துக்கான ஊதிய வேறுபாடு இருக்கும் மருத்துவமனைகளில், அது கைக்கு வந்த தேதியிலிருந்துதான் உயர்வைக் கணக்கிடுவார்கள்.